‘லஸ்ஸன்’: விட்டுப் பிடிக்க வேண்டிய வினைச்சொல்

வாசகர் கேள்வி – பதில்

“அகராதியைப் புரட்டியும் பிடிபடாத ஒரு ஜேர்மன் வினைச்சொல்லை எழுதி அனுப்புங்கள்” என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வெவ்வேறு ஆட்கள் எழுதிய கடிதங்கள் திரும்பத் திரும்ப ஒரே சொல்லில் வந்து நின்றன: எல், ஏ, இரண்டு எஸ், ஈ, என் என்று எழுதப்படும் ‘லஸ்ஸன்’. ஆகவே இந்த இதழை அதற்கே கொடுத்துவிட்டோம். ஜேர்மன் சொற்களை ஒலிப்புக்குக் கிட்டக் கிட்டத் தமிழில் தந்திருக்கிறோம். எழுத்துக்கூட்டலுக்குப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘லஸ்ஸன்’ என்று தேடினால் ஆங்கிலத்தில் லெட், லீவ், ஹாவ், மேக், கெட், ஸ்டொப் என்று ஒரு வரிசையே வருகிறது. இதில் எதைப் பாடமாக்குவது?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒன்றையும் பாடமாக்க வேண்டாம். இத்தனை சொற்களாகப் பிரித்துச் சொல்லவேண்டியது ஆங்கிலத்தின் தேவை. ஜேர்மன்காரருக்கு அது ஒரே சொல். நமக்கும் ஏறக்குறைய ஒரே சொல்தான்: ‘விடு’. “அவனைப் போக விடு” என்றால் “லஸ் ஈன் கேயன்”, ஆங்கிலத்தில் லெட். “காரை வீட்டில விட்டிட்டுப் போறன்” என்றால் “இஹ் லஸ்ஸெ டஸ் அவுட்டோ ட்ஸூ ஹவுஸெ”, ஆங்கிலத்தில் லீவ். “அவரால சிகரெட்டை விட ஏலாது” என்றால் “எர் கன் டஸ் ரவுஹன் நிஹ்ட் லஸ்ஸன்”. ஆங்கிலத்தில் கிவ் அப். அடிபடுகிற பிள்ளைகளிடம் “விடு அதை!” என்று அதட்டினால் “லஸ் டஸ்!”, ஆங்கிலத்தில் ஸ்டொப் இட். காலிமுகத்திடலில் பட்டம் விடுவதுகூட ஜேர்மனில் “ட்ராஹன் ஷ்டைகன் லஸ்ஸன்”, அதாவது பட்டத்தை ஏற விடுதல். ஆங்கிலத்தில் அது ‘ஃப்ளை’ என்று வேறெங்கோ போய்விடுகிறது.

எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க வசனத்தின் கடைசியைப் பாருங்கள். அங்கே இன்னொரு வினை அதன் மூல வடிவில் நின்றால் (போக, வெட்ட, திருத்த என்பது போல) ஒன்றில் ‘செய்ய விடுதல்’, அல்லது ‘செய்விப்பது’. வேறு வினை இல்லாமல் ஒரு பொருளும் ஓர் இடமும் மட்டும் இருந்தால் ‘விட்டுவிட்டுப் போதல்’. ‘டஸ்’, ‘எஸ்’ என்ற சுட்டுச் சொல்லோ ஒரு பழக்கத்தின் பெயரோ மட்டும் இருந்தால் ‘நிறுத்துதல்’. உயிரில்லாத பொருள் எழுவாயாக நின்று, ‘ஸிஹ்’ (தன்னை) என்பதும் இன்னொரு வினையும் சேர்ந்து வந்தால் ‘முடியும், முடியாது’. இந்த நான்கும் கைவசம் இருந்தால் பத்தில் ஒன்பது வசனம் தானாகத் திறக்கும்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் ‘விடு’ துணைவினையாகவும் வரும். “வந்துவிட்டேன்”, “சாப்பிட்டுவிட்டேன்” என்பவற்றில் அது வேலை முடிந்ததை மட்டும் காட்டுகிறது. ஜேர்மனில் அங்கே ‘லஸ்ஸன்’ கிடையாது. மூச்சு விடுவதற்கும் பஸ் விடுவதற்கும் அப்படியே, வேறு சொற்கள்.

கேள்வி: “நேற்றுத் தலைமயிர் வெட்டினேன்” என்பதை “இஹ் ஹாபெ கெஸ்டெர்ன் மைனெ ஹாரெ கெஷ்னிட்டன்” என்று எழுதினேன். இலக்கணம் சரி, ஆனால் வசனம் பிழை என்று ரியூசன் ஆசிரியை சிவப்பால் கோடு போட்டுவிட்டார். என்ன பிழை?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கண்ணாடிக்கு முன்னால் கத்தரிக்கோலுடன் நின்று நீங்களே வெட்டிக்கொண்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் சலூனுக்குப் போய் வந்தவரும் “தலைமயிர் வெட்டினேன்” என்பார், யாரும் குழம்பமாட்டார்கள். ஜேர்மன் மொழி அந்தச் சலுகையை இங்கே தருவதில்லை. வேலை செய்த கை இன்னொருவருடையது என்றால் ‘லஸ்ஸன்’ வந்தே ஆகவேண்டும்: “இஹ் லஸ்ஸெ மியர் டீ ஹாரெ ஷ்னைடன்.” ஆங்கிலத்தில் “ஐ ஹாவ் மை ஹெயார் கட்”. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, செய் – செய்வி, அந்தச் செய்விதான் இது. பேச்சில் நாம் அந்த ‘வி’யை விழுங்கிவிடுகிறோம், அதனால்தான் ஜேர்மனிலும் விட்டுப்போகிறது.

இதில் வழக்கமாகப் பிழைப்பது நான்கு இடங்களில்.

முதலாவது, ‘மியர்’, ‘மிஹ்’ குழப்பம். தமிழ் வேற்றுமையை வைத்துச் சோதிக்கலாம். “என்னை” என்று வந்தால் ‘மிஹ்’, “எனக்கு” என்று வந்தால் ‘மியர்’. டொக்டர் என்னைப் பரிசோதிக்கிறார்: “இஹ் லஸ்ஸெ மிஹ் உன்டர்ஸூஹன்.” டொக்டர் எனக்குப் பல்லுப் பிடுங்குகிறார்: “இஹ் லஸ்ஸெ மியர் ஐனன் ட்ஸான் ட்ஸீயன்.” வெட்டப்படுவதோ பிடுங்கப்படுவதோ தைக்கப்படுவதோ தனியாக ஒரு பொருளாக வசனத்தில் இருந்தால், ஆளுக்கு நான்காம் வேற்றுமைதான்.

இரண்டாவது, ‘ட்ஸூ’ என்ற இடைச்சொல். ஆங்கிலத்தின் ‘டு’ போல வேறு பல வினைகளுக்கு முன் அது வரும். ‘லஸ்ஸன்’ அதை ஏற்காது. “டஸ் அவுட்டோ ட்ஸூ ரெபரீரன்” என்று எழுதினால் பிழை. “இஹ் லஸ்ஸெ டஸ் அவுட்டோ ரெபரீரன்” போதும்.

மூன்றாவதுதான் பெரியது, இறந்தகாலம். தனித்து நிற்கும் ‘லஸ்ஸன்’ ஒழுங்காக ‘கெலஸ்ஸன்’ ஆகும்: “இஹ் ஹாபெ டஸ் பூஹ் ட்ஸூ ஹவுஸெ கெலஸ்ஸன்”, புத்தகத்தை வீட்டில் விட்டு வந்தேன். இன்னொரு வினையைத் தோளில் தூக்கி வைத்திருக்கும்போது மட்டும் அந்த ‘கெ’ போய்விடும்: “இஹ் ஹாபெ மியர் டீ ஹாரெ ஷ்னைடன் லஸ்ஸன்.” கடைசியில் இரண்டு மூல வினைகள் அருகருகே. “ஷ்னைடன் கெலஸ்ஸன்” என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி போகும்.

நான்காவது, இதையே ‘வைல்’ என்று தொடங்கும் காரண வசனத்தில் போடுவது. ‘வைல்’ வந்தால் ‘ஹாபெ’ கடைசிக்குப் போகும் என்று படித்திருப்பீர்கள். இங்கே அது கடைசிக்குப் போகாமல் இரட்டை வினைக்கு முன்னால் நிற்கும்: “வைல் இஹ் மியர் டீ ஹாரெ ஹாபெ ஷ்னைடன் லஸ்ஸன்.” தலை சுற்றுகிறதா? ஒரு குறுக்கு வழி: கடந்தகால வடிவமான ‘லீஸ்’ஐப் போட்டுவிடுங்கள். “வைல் இஹ் மியர் டீ ஹாரெ ஷ்னைடன் லீஸ்.” முழுதாகச் சரி, பிழைக்க இடமும் இல்லை.

விசா வேலையில் ஓடித்திரிபவர்களுக்கு இந்த அமைப்பு அன்றாடம் தேவைப்படும். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பிக்க வேண்டும்: “இஹ் முஸ் மைனெ கெபூர்ட்ஸ்ஊர்குண்டெ யூபர்ஸெட்ஸன் லஸ்ஸன்.” பிரதியை உறுதிப்படுத்துவிக்க ‘பெக்லவுபிகன் லஸ்ஸன்’. படம் எடுப்பிக்க ‘ஐன் பஸ்ஃபோட்டோ மஹன் லஸ்ஸன்’. தடுப்பூசி போடுவிக்க ‘மிஹ் இம்ப்ஃபன் லஸ்ஸன்’. ‘லஸ்ஸன்’ இல்லாமல் “இஹ் முஸ் யூபர்ஸெட்ஸன்” என்று அலுவலகத்தில் சொன்னால், நீங்களே மொழிபெயர்க்கப் போவதாக எடுத்துக்கொள்வார்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை கேட்கிற இடத்தில் அது வீண் கதையாகிவிடும்.

யாரைக் கொண்டு செய்விக்கிறீர்கள் என்று சொல்ல ‘ஃபொன்’ என்ற சொல்லைச் சேருங்கள்: ‘ஃபொன் ஐனம் மெஹானிகர்’, ஒரு மெக்கானிக்கைக் கொண்டு. சலூன், தையற்கடை போன்ற இடத்தைச் சொல்வதென்றால் ‘பைம்’: ‘பைம் ஃப்ரிஸேர்’.

இன்னுமொன்று. முடி வெட்டும் வினை ‘ஷ்னைடன்’; மணவிலக்குப் பெறும் வினை ‘ஷைடன்’. நடுவில் ஒரு ‘ன’கரம்தான். “இஹ் லஸ்ஸெ மிஹ் ஷைடன்” என்றால் நான் விவாகரத்துப் பெறுகிறேன் என்று பொருள். அதற்கும் ‘லஸ்ஸன்’ வருவது காரணத்தோடுதான்: ஜேர்மனியில் நீதிமன்றத் தீர்ப்பால் மட்டுமே மணம் முறியும், ஆகவே ஒருவர் தன்னைத் தானே பிரித்துக்கொள்ள முடியாது, பிரிப்பிக்கத்தான் வேண்டும். குடும்ப விசாவுக்காக நேர்முகத்தில் இருப்பவர் சலூன் கதையைச் சொல்லும்போது அந்த ‘ன’கரத்தைக் கவனமாக உச்சரிப்பது நல்லது.

வீடு கட்டியதற்கு மட்டும் ஜேர்மன்காரரும் நம்மைப் போலத்தான். மேசன் கட்டினாலும் “வியர் ஹாபன் கெபவுட்”, நாங்கள் கட்டினோம் என்பார்கள்.

கேள்வி: “டீ லேரரின் லெஸ்ட் டீ கின்டர் ஸிங்கன்.” இதை ஆங்கிலத்தில் ‘லெட்’ என்று எழுதுவதா, ‘மேக்’ என்று எழுதுவதா? விடைத்தாளில் இரண்டும் இருக்கிறது.
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம், அதுதான் சங்கடம். (‘லெஸ்ட்’ என்பது அவன், அவள், அது என்பவற்றோடு ‘லஸ்ஸன்’ எடுக்கும் வடிவம்.) தமிழில் இந்த வேறுபாடு உண்டு: ஆசிரியை பிள்ளைகளைப் பாட விடுகிறார், ஆசிரியை பிள்ளைகளைப் பாட வைக்கிறார். ‘விடு’வையும் ‘வை’யையும் ஒன்றாகக் கட்டினால் ‘லஸ்ஸன்’. ஜேர்மன் மொழி அந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை. முன்னும் பின்னும் உள்ள வசனங்களிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடுகிறது.

மொழிபெயர்க்கும்போது ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஆசை யாருடையது? தொலைக்காட்சி பார்க்க ஆசைப்படுவது மகன் என்றால் தாய் ‘விடுகிறாள்’, ஆங்கிலம் லெட். நேரம் கடந்தும் வேலை நடக்கவேண்டும் என்று விரும்புவது முதலாளி என்றால் அவர் வேலை செய்ய ‘வைக்கிறார்’, ஆங்கிலம் மேக். கட்டாயப்படுத்தாமல் காசு கொடுத்தோ சொல்லி வைத்தோ செய்விப்பதானால் ஆங்கிலம் ஹாவ். டொக்டரை அழைப்பித்தால் “எர் லெஸ்ட் டென் ஆர்ட்ஸ்ட் கொம்மன்”. ஆங்கிலத்தில் ‘ஸென்ட் ஃபோர்’. ஒரு மணிநேரம் காக்க வைத்தால் “எர் ஹட் மிஹ் ஐனெ ஷ்டுண்டெ வார்டன் லஸ்ஸன்”, ஆங்கிலத்தில் ‘கீப்’. வெள்ளவத்தை வாசகியின் வரிசையில் ‘கீப்’ இல்லை, சேர்த்துக்கொள்ளலாம்.

நீங்களே எழுதும்போது சந்தேகத்துக்கு இடம் வைக்க விரும்பாவிட்டால் ‘லஸ்ஸன்’ஐத் தவிருங்கள். அனுமதி என்றால் ‘எர்லவுபன்’, அதனுடன் ஆள் நான்காம் வேற்றுமையில். கட்டாயம் என்றால் ‘ட்ஸ்விங்கன்’, ஆள் இரண்டாம் வேற்றுமையில். இவை இரண்டுக்கும் பின்னால் வரும் வினைக்கு ‘ட்ஸூ’ உண்டு. சிரிக்க வைப்பதற்கும் அழ வைப்பதற்கும் ‘லஸ்ஸன்’ பொருந்தாது. “அந்தப் படம் என்னைச் சிரிக்க வைத்தது” என்பதற்கு ‘ட்ஸூம் லஹன் ப்ரிங்கன்’, அதாவது சிரிப்புக்குக் கொண்டுவருதல் என்ற தொடர்தான் வழக்கு.

இதே அமைப்பில் கடிதத்துக்கு உதவும் ஒன்று இருக்கிறது. “அம்மா உங்களை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னா” என்று நாம் எழுதுவதை “மைனெ முட்டர் லெஸ்ட் டிஹ் க்ரூஸன்” என்று நான்கைந்து சொல்லில் முடித்துவிடலாம். நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலின் கடைசி வரியில் அழகாக உட்காரும்.

கேள்வி: 100ஆம் இலக்க பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். ‘லஸ்ஸன்’ மட்டும் போதுமா? ஒரு பாடநூலில் ‘ஷ்டேயன் லஸ்ஸன்’, இன்னொன்றில் ‘லீகன் லஸ்ஸன்’ என்று இருக்கிறது.
— வாசகி, தெஹிவளை

பதில்: “குடையை பஸ்ஸில் கெலஸ்ஸன்” என்று மட்டும் சொன்னால், தெரிந்தே அங்கே வைத்துவிட்டு வந்தீர்கள் என்ற சாயல் வரும். மறதியாக விட்டதற்கு, அந்தப் பொருள் எந்த நிலையில் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது ஜேர்மன் வழக்கம். நிமிர்ந்து நின்றால் ‘ஷ்டேயன் லஸ்ஸன்’: சாய்த்து வைத்த குடை, நிறுத்தி வைத்த பயணப்பை. படுத்துக் கிடந்தால் ‘லீகன் லஸ்ஸன்’: ஆசனத்தில் கிடந்த கைபேசி, கண்ணாடி, புத்தகம். தொங்கினால் ‘ஹெங்கன் லஸ்ஸன்’: கொளுவியில் மாட்டிய மழைக்கோட்டு. செருகி இருந்தால் ‘ஷ்டெக்கன் லஸ்ஸன்’: பூட்டில் நின்ற சாவி. குடை ஆசனத்தில் கிடந்திருந்தால் ‘லீகன்’, காலடியில் நின்றிருந்தால் ‘ஷ்டேயன்’. உங்கள் இரண்டு பாடநூலும் சரி. ஆங்கிலத்தில் இவை எல்லாமே ஒற்றை ‘லீவ்’. நிலை நினைவில்லையா? ‘ஃபெர்கெஸ்ஸன்’, மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பலாம்.

இறந்தகாலத்தில் இவற்றுக்கு “லீகன் லஸ்ஸன்” என்பதே வழக்கு. “லீகன் கெலஸ்ஸன்” என்றும் எழுதுவார்கள், அதையும் பிழையென்று வெட்டமுடியாது. முடி வெட்டிய வசனத்தில் இல்லாத சலுகை இங்கே உண்டு.

இந்த வகைத் தொடர்களுக்கு வேறு பொருள்களும் இருக்கின்றன. ஒருவரை ‘ஹெங்கன் லஸ்ஸன்’ என்றால் நம்ப வைத்து ஏமாற்றுவது, ஆங்கிலத்தில் ‘லெட் டவுன்’. ‘ஸிட்ஸன் லஸ்ஸன்’ என்றால் காதலித்தவரையோ கட்டியவரையோ நட்டாற்றில் விடுவது. சாப்பாட்டை ‘ஷ்டேயன் லஸ்ஸன்’ என்றால் தொடாமல் எழும்புவது. விருந்துக்குப் போன வீட்டில் அந்த வசனம் உங்களைப் பற்றி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேநீர்க்கடையில் காசெடுக்கக் கையை விட்டால் ஜேர்மன் நண்பர் “லஸ் ஷ்டெக்கன்!” என்பார். “பேர்ஸ் உள்ளேயே இருக்கட்டும், நான் கொடுக்கிறன்” என்று அர்த்தம்.

கேள்வி: அக்காவின் கணவர் ஜேர்மனியில் இருந்து “இஹ் ஃபெர்லஸ்ஸெ மிஹ் அவுஃப் டிஹ்” என்று அனுப்பியிருக்கிறார். ‘ஃபெர்லஸ்ஸன்’ என்றால் அகராதியில் ‘கைவிடு’ என்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறோம்.
— வாசகி, மட்டக்குளி

பதில்: பயம் வேண்டாம், நேர் எதிரான செய்தி. “உன்னை நம்பியிருக்கிறேன்” என்றுதான் எழுதியிருக்கிறார். “இஹ் ஃபெர்லஸ்ஸெ டிஹ்” என்று மட்டும் இருந்தால்தான் “உன்னைப் பிரிந்து போகிறேன்”. நடுவில் உள்ள ‘மிஹ் அவுஃப்’ என்ற இரண்டு சின்னச் சொற்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுகின்றன. ஆங்கிலத்தில் முதலாவது ‘ரிலை ஒன்’, இரண்டாவது ‘லீவ்’. நினைவில் வைக்க ஒரு வழி: “பாரத்தை அவர்மேல் போட்டுவிட்டேன்” என்கிறோமே, அதுபோலத் தன்னையே இன்னொருவர்மேல் போட்டுவிடுவது. ‘அவுஃப்’ என்றால் ‘மேல்’.

இதே வினையில் மற்றொரு பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. “நான் எட்டு மணிக்கு வெளிக்கிடுகிறேன்” என்பதை ஆங்கில ‘லீவ்’ வழியாகச் சிந்தித்து “இஹ் ஃபெர்லஸ்ஸெ உம் அஹ்ட்” என்று எழுதுகிறார்கள். ‘ஃபெர்லஸ்ஸன்’ எதை விட்டு என்பதைச் சொல்லாமல் நிற்காது. வீட்டையோ ஊரையோ ஆளையோ சேர்க்கவேண்டும். வெறுமனே புறப்படுவதற்கு ‘கேயன்’. ரயிலும் பஸ்ஸும் புறப்பட ‘அப்ஃபாரன்’.

கேள்வி: “டஸ் ஃபென்ஸ்டர் லெஸ்ட் ஸிஹ் நிஹ்ட் எஃப்னன்.” ஜன்னல் எதை விடுகிறது?
— வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: எதையும் விடுவதில்லை. “ஜன்னல் திறபடுதில்லை” என்பதுதான். தன்னைத் திறக்க அது விடமாட்டேன் என்கிறது என்று வேடிக்கையாக எடுத்துக்கொண்டால் மறக்காது. ஆங்கிலத்தில் ‘வோன்ட் ஓப்பன்’ அல்லது ‘கான்ட் பீ ஓப்பன்ட்’. வாடகை வீட்டில் பழுது அறிவிக்க மிகவும் உதவும் அமைப்பு இது: கதவு பூட்டுப்படவில்லை, ஹீட்டர் போடமுடியவில்லை எல்லாவற்றையும் இப்படிச் சொல்லலாம், உடைத்தது யார் என்ற பேச்சே எழாது. “டஸ் லெஸ்ட் ஸிஹ் மஹன்” என்று வீட்டுக்காரர் பதில் சொன்னால் “செய்யலாம், ஒழுங்குபடுத்தலாம்”. “டா லெஸ்ட் ஸிஹ் நிஹ்ட்ஸ் மஹன்” என்றால் “ஒன்றும் செய்ய ஏலாது”.

கேள்வி: தாதியர் பயிற்சிக்காகப் போகவிருக்கிறேன். கடிதங்களில் என்ட்லஸ்ஸன், ட்ஸூலஸ்ஸன், ஹின்டர்லஸ்ஸன் என்று குடும்பமே வருகிறது. எது முக்கியம்?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் தொழிலுக்கு முதலில் ‘என்ட்லஸ்ஸன்’. நோயாளிக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவது அதுதான். கையில் கொடுக்கும் கடிதம் ‘என்ட்லஸ்ஸுங்ஸ்ப்ரீஃப்’. இதே சொல் வேலையிலிருந்து நிறுத்துவதற்கும், சிறையிலிருந்து விடுவிப்பதற்கும் வரும். ஆங்கிலத்தில் முறையே டிஸ்சார்ஜ், டிஸ்மிஸ், ரிலீஸ். எங்கிருந்து என்பதைப் பார்த்தால்தான் தெரியும். “எர் வுர்டெ என்ட்லஸ்ஸன்” என்று மொட்டையாக வந்தால், வார்டில் அது நல்ல செய்தி, அலுவலகத்தில் கெட்ட செய்தி.

‘ட்ஸூலஸ்ஸன்’ என்றால் அனுமதித்தல். பல்கலைக்கழக அனுமதி ‘ட்ஸூலஸ்ஸுங்’. வாகனப் பதிவும் அதே ‘ட்ஸூலஸ்ஸுங்’. ஆனால் “லஸ் டஸ் ஃபென்ஸ்டர் ட்ஸூ!” என்று வார்டில் யாராவது கத்தினால், “ஜன்னலைத் திறக்காதே, மூடியபடியே விடு” என்று அர்த்தம். ‘அன்லஸ்ஸன்’ இன்னும் வில்லங்கம்: விளக்கை எரிய விடுவதும் அதுதான், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதும் அதுதான். ‘நாஹ்லஸ்ஸன்’ வலி குறைவது. அதன் பெயர்ச்சொல் ‘நாஹ்லஸ்’ விலைக்கழிவையும் குறிக்கும், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தையும் குறிக்கும். கடிதத்தில் கண்டால் முழுப் பந்தியையும் வாசித்த பிறகே சந்தோஷப்படுங்கள். ‘எர்லஸ்ஸன்’ சட்டம் பிறப்பித்தல். கட்டணத்தைப் பற்றி வந்தால் தள்ளுபடி.

‘ஹின்டர்லஸ்ஸன்’ஐத் தொலைபேசியில் கேட்பீர்கள்: “பிட்டெ ஹின்டர்லஸ்ஸன் ஸீ ஐனெ நாஹ்ரிஹ்ட்”, செய்தியை விட்டுச் செல்லுங்கள். கொழும்பிலிருந்து எடுக்கும்போது இது அடிக்கடி காதில் விழ ஒரு காரணம் நேர வித்தியாசம். கோடையில் ஜேர்மனி நமக்கு மூன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். காலை 10 மணிக்கு இங்கிருந்து அழைத்தால் அங்கே விடியும் நேரம்.

சில ஆண்டுகள் கழித்து உங்களுக்குத் தேவைப்படும் ‘நீடர்லஸ்ஸுங்ஸ்எர்லவுப்னிஸ்’ என்ற நீளமான சொல்லும் இந்தக் குடும்பம்தான். ‘நீடர்லஸ்ஸன்’ கீழே இறங்கி அமர்தல், அதாவது குடியேறுதல், ‘எர்லவுப்னிஸ்’ அனுமதி. நிரந்தர வதிவிட அனுமதி என்று நாம் சொல்வது.

முன்னொட்டு வினையை விட்டுப் பிரியுமா பிரியாதா என்பதற்கு ஓசையே வழிகாட்டி. அழுத்தம் முன்னொட்டில் விழுந்தால் பிரியும்: ‘லெஸ்ட் ட்ஸூ’, ‘ட்ஸூகெலஸ்ஸன்’. அழுத்தம் ‘லஸ்’ஸில் விழுந்தால் பிரியாது, ‘கெ’யும் சேராது: ‘என்ட்லஸ்ஸன்’ இறந்தகாலத்திலும் ‘என்ட்லஸ்ஸன்’தான்.

கேள்வி: பரீட்சைக்கு இதெல்லாம் வேண்டுமா? அடுத்த மாதம் எனக்கு ஏ1, தம்பிக்கு பீ1.
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உங்களுக்கு வேண்டாம். கோதே நிறுவனம் நடத்தும் ஏ1 என்ற தொடக்கநிலைப் பரீட்சையில் எழுதுவது ஒரு படிவமும் 30 சொல் அளவிலான ஒரு குறுஞ்செய்தியும். நூற்றுக்கு 60 எடுத்தால் சித்தி. “லஸ் டஸ்”, “லஸ் உன்ஸ் கேயன்” இரண்டையும் காதில் விழுந்தால் விளங்கிக்கொள்வது போதும். மிச்ச நேரத்தை எண்கள், திகதி, முகவரி எழுத்துக்கூட்டல் ஆகியவற்றில் செலவிடுங்கள்.

தம்பிக்குக் கட்டாயம் வேண்டும். பீ1 என்ற இடைநிலையின் பேச்சுப் பரீட்சையில், முதற்பகுதியில் இருவர் சேர்ந்து ஒன்றைத் திட்டமிட வேண்டும். அங்கே “லஸ் உன்ஸ்…” கைகொடுக்கும். ஒருவரிடம் ‘லஸ் உன்ஸ்’, பலரிடம் ‘லஸ்ட் உன்ஸ்’, மரியாதையாக ‘லஸ்ஸன் ஸீ உன்ஸ்’. ஒரே ஒரு பொறி: “சனிக்கிழமை சந்திப்போம்” என்பதில் ‘சந்தி’ என்ற வினைக்கும் தனியாக ஓர் ‘உன்ஸ்’ வேண்டும். இலக்கணப்படி ‘லஸ் உன்ஸ் உன்ஸ்’ என்று இரட்டித்துக் காதில் கரகரக்கும். அதனால் “வொல்லன் வியர் உன்ஸ் அம் ஸம்ஸ்டாக் ட்ரெஃப்ஃபன்?” என்று கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

கேட்டல் பகுதியில் ஒரு மாயம்: ‘லஸ்ஸன்’ஸின் கடந்தகால ‘லீஸ்’ஸும், “வாசி!” என்று ஏவும் ‘லீஸ்’ஸும் ஒலியில் ஒன்றே. “வாசித்தான்” என்பது ‘லாஸ்’, நெடில். “விடு” என்பது ‘லஸ்’, குறில். தமிழ்க் காதுக்கு நெடிலும் குறிலும் புதிதல்ல, கவனித்தால் போதும்.

கேள்வி: வெள்ளவத்தைப் பக்கம் மதில்களில் ‘டு லெட்’ பலகை தொங்குகிறது. அதை ‘லஸ்ஸன்’ என்று மொழிபெயர்க்கலாமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: முடியாது. ஆங்கிலமும் தமிழும் இங்கே கைகோத்து ‘லெட்’, ‘வாடகைக்கு விடப்படும்’ என்கின்றன. ஜேர்மன் தனியாகப் போய்விட்டது. அதற்கு ‘ஃபெர்மீடன்’: பலகையில் ‘ட்ஸூ ஃபெர்மீடன்’. வாடகைக்கு எடுப்பவருக்கு ‘மீடன்’, கொடுப்பவருக்கு ‘ஃபெர்மீடன்’. முன்னொட்டை விட்டால் வீட்டுக்காரர் குடியிருப்பாளர் ஆகிவிடுவார்.

விடுமுறை என்ற பொருளில் வரும் ஆங்கில ‘லீவ்’வும் ‘லஸ்ஸன்’ பக்கம் வராது. அது ‘ஊர்லவுப்’. அனுமதி என்ற பொருளுள்ள ‘எர்லவுபன்’ஸுக்கு அது சொந்தம், ஆங்கில ‘லீவ்’வும் அந்த உறவுதான். லீவு எடுப்பதென்றால் அனுமதி எடுப்பதென்பது சொல்லிலேயே இருக்கிறது.

கேள்வி: பழைய பாடநூல் ஒன்று கிடைத்தது. அதில் ‘லெஸ்ட்’ என்பதை இரண்டு எஸ் இல்லாமல் பீட்டா போன்ற எழுத்தால் எழுதியிருக்கிறது. எது சரி?
— வாசகர், தெஹிவளை

பதில்: அந்த எழுத்தின் பெயர் எஸ்ட்ஸெட். 1996இல் உடன்பாடாகி 1998 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய புத்தகம் உங்களுடையது. இன்றைய விதி ஒலியைப் பார்க்கிறது: முன் உயிர் குறில் என்றால் இரட்டை எஸ், நெடில் அல்லது கூட்டுயிர் என்றால் எஸ்ட்ஸெட். ஆகவே ‘லெஸ்ட்’, ‘லஸ்’, ‘லஸ்ட்’ எல்லாம் இன்று இரட்டை எஸ். கடந்தகால ‘லீஸ்’ மட்டும் நெடில், அதில் எஸ்ட்ஸெட் அப்படியே இருக்கிறது. இலக்கணத்துக்குப் பழைய நூலைத் தாராளமாகப் பாவியுங்கள். எழுத்துக்கூட்டலுக்கு மட்டும் புதியதைப் பாருங்கள். சுவிஸில் இருக்கும் உறவினர் ‘லீஸ்’ஸையும் இரட்டை எஸ்ஸால் எழுதி அனுப்பினால் திருத்தப் போகாதீர்கள். அங்கே எஸ்ட்ஸெட் எழுத்தே பாவனையில் இல்லை.